ஐந்து மன்றங்களும் இரண்டு பீரியடும்



போன மாதம் நான்கு வண்ணத் தேற்றம் பற்றி எழுதியிருந்தேன். "வண்ணம் பூசுவதில் இதற்கு மேல் என்ன சார் இருக்கிறது?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். நிறைய இருக்கிறது தம்பி. இன்று அதில் ஒன்றை எழுதுகிறேன். கணக்குப் பதிவு என்றால் படிக்காமலே லைக் போட்டுவிட்டுப் போகும் என் சித்தப்பா பிள்ளைகளும் இன்றைக்கு மட்டும் கொஞ்சம் நின்று போகலாம். கூட்டல் கழித்தல்கூடக் கிடையாது, புள்ளியும் கோடும்தான்.

நான் வேலை பார்த்த பள்ளியொன்றில் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடில் மன்றக் கூட்டங்கள் நடக்கும். அந்த ஆண்டு ஐந்து மன்றங்கள்: தமிழ் மன்றம், சாரணர், ஜே.ஆர்.சி., பசுமைப் படை, வினாடி வினா. ஒரு பிள்ளை அதிகபட்சம் இரண்டு மன்றத்தில்தான் சேரலாம் என்பது விதி. பட்டியல் போடும் வேலை வழக்கம்போல் கணக்கு வாத்தியார் தலையில். தலைமையாசிரியர் சொன்னார்: "ஒரு பிள்ளைக்கு ரெண்டு மன்றம்தானே சார்? அப்போ ரெண்டு பீரியட் போதுமே, முடிச்சிருங்க."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். தமிழ் மன்றத்துக்கும் சாரணருக்கும் பொதுப் பிள்ளைகள் இருந்தார்கள். சாரணருக்கும் ஜே.ஆர்.சி.க்கும் இருந்தார்கள். ஜே.ஆர்.சி.க்கும் பசுமைப் படைக்கும், பசுமைப் படைக்கும் வினாடி வினாவுக்கும், வினாடி வினாவுக்கும் மறுபடி தமிழ் மன்றத்துக்கும் இருந்தார்கள். வேறு மோதல் எதுவும் கிடையாது. தமிழ் மன்றத்தை முதல் பீரியடில் வைத்தேன். சாரணர் இரண்டாவதுக்குப் போயிற்று. ஜே.ஆர்.சி. முதல், பசுமைப் படை இரண்டாவது. கடைசியில் வினாடி வினா நின்றது. முதல் பீரியடில் வைத்தால் தமிழ் மன்றத்தோடு இடிக்கிறது, இரண்டாவதில் வைத்தால் பசுமைப் படையோடு இடிக்கிறது. எங்கே தொடங்கி எப்படிச் சுற்றினாலும் ஏதாவது ஒன்று நடுத்தெருவில் நின்றது.

மூன்றாவது பீரியட் ஒன்று வேண்டும் என்று போய்ச் சொன்னேன். "எந்தப் பிள்ளை மூணு மன்றத்துல இருக்கு, காட்டுங்க" என்றார். அப்படி ஒரு பிள்ளையும் இல்லை. ஒன்றோடொன்று இடிக்கிற மூன்று மன்றங்களும் இல்லை. விரல் நீட்டிக் காட்ட ஒன்றுமே இல்லை, ஆனாலும் இரண்டில் அடங்காது. தாளில் ஐந்து புள்ளி வைத்து, இடிக்கிற மன்றங்களுக்கு இடையே கோடு போட்டு, ஐங்கோணமாக வரைந்து அவர் மேசையில் வைத்தேன். பென்சிலை எடுத்து அவரே ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எழுதிக்கொண்டு வந்து ஐந்தாவது புள்ளியில் நின்றார். வியாழக்கிழமை ஒரு பீரியட் கிடைத்தது.

அந்த ஐங்கோணத்துக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கணிதம் இருக்கிறது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் ஆற அமரப் படித்தேன்.

புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் சேர்ந்ததைக் கோட்டுரு என்போம், அதாவது கிராஃப். பீரியட் ஒதுக்குவதும் வண்ணம் பூசுவதும் ஒன்றுதான். கோட்டால் இணைந்த இரண்டு புள்ளிக்கு ஒரே வண்ணம் கூடாது. ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் இடிக்கிற புள்ளிக் கூட்டத்தைக் கும்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு புள்ளிக் கும்பல் இருந்தால் நான்கு வண்ணம் கட்டாயம் வேண்டும். இது தேவையான நிபந்தனை. அது போதுமா என்பது வேறு கேள்வி. "தேவையானது, போதுமானது" என்று நான் கரும்பலகையில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதியபோது ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தவர்கள் பெயர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஐங்கோணத்தில் பெரிய கும்பல் 2, வேண்டிய வண்ணம் 3. தேவையானது போதவில்லை.

எந்தக் கோட்டுருவில் போதும்? இந்தக் கேள்வியை 1960 வாக்கில் கையில் எடுத்தவர் பிரான்ஸ் நாட்டுக் கணிதர் கிளோத் பெர்ஜ். பெரிய கும்பலில் எத்தனை புள்ளியோ அத்தனை வண்ணமே போதும் என்றிருக்கும் கோட்டுருக்களைத் தனியாகப் பிரித்தார். கூடவே கறாரான ஒரு நிபந்தனையும் போட்டார். கோட்டுருவிலிருந்து எந்தப் புள்ளிகளை நீக்கினாலும், மிஞ்சுவதிலும் அந்தச் சமன்பாடு நிற்க வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பு? நம் ஐந்து மன்றத்துக்குப் பக்கத்தில், தமக்குள் மட்டும் இடித்துக்கொள்ளும் மூன்று மன்றங்களைச் சேர்த்துப் பாருங்கள். பெரிய கும்பலும் 3, வண்ணமும் 3. கணக்கு சரியாகிவிட்டதுபோல் தெரியும், உள்ளே ஐங்கோணம் அப்படியே ஒளிந்திருக்கும். அந்த ஏமாற்று நடக்கக்கூடாது என்றுதான் நிபந்தனை. இப்படித் தேறியதற்குப் பெர்ஃபெக்ட் கிராஃப் என்று பெயர். நிறைக் கோட்டுரு என்று தமிழில் எழுதுகிறேன். பெயர் நான் வைத்தது, பிடிக்காதவர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

நல்ல உதாரணம் லாட்ஜ். ஒவ்வொரு விருந்தாளியும் ஒரு நாள் வருகிறார், சில நாள் தங்குகிறார், போகிறார். ஒரே சமயத்தில் அதிகபட்சம் ஏழு பேர்தான் இருப்பார்கள் என்றால் ஏழு அறை போதும், நடுவில் யாரையும் அறை மாற்றவும் வேண்டாம். வருகிற வரிசையில் காலியான அறையைக் கொடுத்துக்கொண்டே போகலாம். காலம் நேர்கோடாக ஓடுவதால் வந்த வசதி இது. அதையே வட்டமாக்கிப் பாருங்கள். ஒரு கட்டடத்துக்கு ஐந்து காவலர்கள், ஆளுக்கு ஆறு மணி நேரம், தினமும் அதே நேரம். ஐந்தாறு முப்பது, நாளுக்கு 24 மணிதான். ஆகவே ஒருவர் போகும் முன் அடுத்தவர் வந்து ஒரு மணி சொச்சம் இருவரும் சேர்ந்திருப்பார்கள். எந்நேரமும் இரண்டு பேருக்கு மேல் கிடையாது. ஆனால் ஆளுக்கு ஒரு நிலையான நாற்காலி ஒதுக்க வேண்டுமானால் மூன்று நாற்காலி வேண்டும். அதே ஐங்கோணம்தான்.

பெர்ஜுக்கு இந்த எண்ணம் பிறந்ததில் அமெரிக்கரான கிளாட் ஷானனுக்குப் பங்கு உண்டு. 1956-இல் ஷானன் ஒரு கேள்வி கேட்டார். இரைச்சலான கம்பியில் செய்தி அனுப்புகிறோம், சில எழுத்துகள் ஒன்றுபோலவே கேட்கின்றன. தவறே வராமல் எவ்வளவு அனுப்பலாம்? டிக்டேஷன் எழுதிய உங்களுக்கு இது புரியும். நான் ல, ள, ழ மூன்றையும் தொண்டை வற்றச் சொன்னாலும் கடைசி பெஞ்சுக்கு மூன்றும் ஒன்றுதான். ஐந்து எழுத்துகள் வளையமாக நின்று, ஒவ்வொன்றும் பக்கத்து இரண்டோடு மட்டும் குழம்பும் என்று வையுங்கள். ஓரெழுத்துச் செய்தியில் குழம்பாதவை இரண்டுதான் கிடைக்கும். அப்படியானால் ஈரெழுத்துச் செய்தியில் நான்கு என்றுதானே நினைப்போம்? ஐந்து கிடைக்கிறது. எழுத்துகளுக்கு வரிசையாக 0, 1, 2, 3, 4 என்று பெயர் வைத்து 00, 12, 24, 31, 43 என்பவற்றைச் சரிபாருங்கள். எந்த இரண்டும் குழம்பாது. நிறைக் கோட்டுருவாக இருந்தால் இப்படி எதிர்பாராத லாபம் எதுவும் வராது, விடை ஒரே வரியில் முடிந்துவிடும். ஷானனுக்குப் பிடி கொடுக்காத மிகச் சிறிய கோட்டுரு இந்த ஐங்கோணம். அதன் சரியான விடை ஓர் எழுத்துக்கு வர்க்கமூலம் 5 என்று ஹங்கேரியின் லாஸ்லோ லோவாஸ் 1979-இல் நிறுவினார். ஐந்து புள்ளிக்கு 23 ஆண்டு!

பெர்ஜ் சுவாரசியமான மனிதர். கணிதத்தோடு சிற்பம் செய்தார். கணித விதிகளைக் கட்டுப்பாடாக வைத்து இலக்கியம் படைத்த ஊலிப்போ என்ற பிரெஞ்சுக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1994-இல் டென்ஸ்மோர் பிரபுவைக் கொன்றது யார் என்று ஒரு துப்பறியும் கதையே எழுதினார். மாளிகையில் தங்கியவர்களில் யார் யாரைச் சந்தித்தார்கள் என்பதைப் புள்ளியும் கோடுமாக வரைந்து, ஒரே ஒரு முறைதான் வந்தேன் என்று பொய் சொன்னவரைப் பிடிப்பதுதான் துப்பு. நம் லாட்ஜ் கணக்குதான், கொலை மட்டும் கூடுதல்.

அவர் எழுப்பிய ஊகங்களுக்கு நம் நாட்டோடும் ஒரு தொடர்பு உண்டு. 1963-இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கோட்டுருக் கோட்பாடு பற்றி ஆறு கட்டுரைகள் கொண்ட தொகுப்பொன்றை வெளியிட்டது. நிறைக் கோட்டுருக்கள் பற்றிய பெர்ஜின் கட்டுரை அதில் வந்தது.

ஊகங்கள் இரண்டு. முதலாவது: ஒரு கோட்டுரு நிறையானால் அதன் நிரப்பியும் நிறை. கணங்கள் பாடத்தில் நிரப்பி படித்தோமே, அதேதான். கோடு இருந்த இடத்தில் அழித்து, இல்லாத இடத்தில் போடுவது. லாட்ஜில் இதற்கு அழகான பொருள் உண்டு. ஒருவரை ஒருவர் பார்க்கவே வாய்ப்பில்லாத விருந்தாளிகள் அதிகபட்சம் எத்தனை பேரோ, அத்தனை முறை அதிகாரி ஒருவர் நேரம் பார்த்து வந்து எட்டிப் பார்த்தால் போதும், எல்லா விருந்தாளிகளையும் பார்த்துவிடலாம். இரண்டாவது ஊகம் இன்னும் துணிச்சலானது. நிறையாக இல்லாத எந்தக் கோட்டுருவிலும், குறுக்குக் கோடு இல்லாத 5, 7, 9 போன்ற ஒற்றைப்படை வளையம் ஒன்று ஒளிந்திருக்கும். இல்லாவிட்டால் அப்படிப்பட்ட வளையத்தின் நிரப்பி ஒளிந்திருக்கும். மூன்றாவது காரணம் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது! ஆயிரம் மன்றம், லட்சம் பிள்ளைகள் உள்ள பள்ளியானாலும், அட்டவணை அடம் பிடித்தால் இந்த இரண்டில் ஒன்றைத் தேடிப் பிடிக்கலாம் என்கிறார்.

முதல் ஊகத்தை 1972-இல் வெளியான கட்டுரையில் லோவாஸ் நிரூபித்தார். அப்போது அவருக்கு 24 வயது. இந்தப் பதிவை நான் எழுதக் காரணமான கதை இங்கேதான் வருகிறது.

நம் மாணவி ஒருத்தி கணிதத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். பெயர் எழுதவில்லை, இதை அவளும் படிப்பாள். இரண்டு மாதம் முன்பு இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்தாள். இரண்டு வருடமாக அவள் கட்டிக்கொண்டிருந்த முடிவை வேறு நாட்டில் ஒருவர் முந்திக்கொண்டு வெளியிட்டுவிட்டாராம். "விட்டுட்டு வந்து டி.ஆர்.பி. எழுதிரட்டுமா சார்?" என்றாள். ஆசிரியர் வேலை கேவலம் என்று நான் சொல்வேனா? 34 வருடம் அதில் சோறு தின்றவன். ஆனால் தோற்றுப்போய் வந்து சேரும் இடமாக அவள் அதைக் கேட்டது எனக்கு உறுத்தியது. அன்றைக்கு அவளுக்கு ரே ஃபுல்கர்சன் கதையைச் சொன்னேன். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது.

ஃபுல்கர்சன் சாதாரண ஆள் இல்லை. குழாய்களில் எவ்வளவு தண்ணீர் அனுப்பலாம் என்ற பெரும ஓட்டத் தேற்றத்தை ஃபோர்டோடு சேர்ந்து தந்தவர். அவரும் பெர்ஜின் முதல் ஊகத்தின் பின்னால் போனார். தன் வழியில் ஏறக்குறைய முழுதும் கட்டிவிட்டார். ஒரே ஒரு செங்கல் பாக்கி. நிறைக் கோட்டுருவில் ஒரு புள்ளியை இரட்டையாக்கினால் அது நிறையாகவே இருக்குமா என்பதுதான் அது. ஒரு மன்றத்தை அ பிரிவு, ஆ பிரிவு என்று உடைக்கிறோம், இரண்டுக்கும் ஒரே பொறுப்பாசிரியர் என்பதால் அவை ஒன்றோடொன்று இடிக்கும், பழைய மன்றம் இடித்தவற்றோடும் இரண்டும் இடிக்கும். அவ்வளவுதான் கேள்வி. பார்க்கச் சின்ன விஷயம், பிடிபடவில்லை. வேலை அப்படியே நின்றது.

1971 வசந்த காலத்தில் பெர்ஜிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. லோவாஸ் ஊகத்தை நிரூபித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன் என்று அதில் இருந்தது. நிரூபணம் எதுவும் அட்டையில் இல்லை, செய்தி மட்டும்தான். ஃபுல்கர்சன் மேசையில் உட்கார்ந்து அந்த இரட்டையாக்கும் கேள்வியை மறுபடி எடுத்தார். நான்கைந்து மணி நேரத்தில் எளிய நிரூபணம் கிடைத்துவிட்டது. இதைப் பின்னால் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இந்தக் கதையை "ஐயோ பாவம், ஒரு படி தள்ளி நின்றுவிட்டார்" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அந்த அட்டையில் ஒரு குறிப்பும் கிடையாது, ஒரு சூத்திரம் கிடையாது. 'இது உண்மை' என்ற ஒரு தகவல்தான் இருந்தது. அதுவே ஒரு மனிதரை நான்கைந்து மணி நேரத்தில் கொண்டு சேர்த்தது என்றால், அதற்கு முன் அவரை நிறுத்தி வைத்திருந்தது எது? கேள்வியின் கடினம் மட்டுமாக இருக்க முடியாது. உண்மையா பொய்யா என்று தெரியாமல் ஒருவன் இரண்டு பக்கமும் வெட்ட வேண்டியிருக்கிறது, பாதித் தெம்பு அதிலேயே போய்விடுகிறது. உங்களுக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருந்தது. 'நிரூபி' என்று கேள்வியில் இருந்தாலே அது உண்மை என்று தெரியும். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை.

ஃபுல்கர்சன் கட்டியது வீணாகவும் போகவில்லை. நிறைக் கோட்டுருக்களை நேரியல் திட்டமிடலோடு இணைத்த பார்வை அவருடையது. பன்னிரண்டாம் வகுப்பில் வரைபடம் போட்டு மூலைப்புள்ளி தேடினோமே, அதன் பெரிய அண்ணன். அந்தத் திசையிலிருந்து வந்துதான் 1980களில் குரோட்ஷெல், லோவாஸ், ஸ்ரைவர் மூவரும் நிறைக் கோட்டுருக்களுக்குக் கணினி நியாயமான நேரத்தில் வண்ணம் பூச முடியும் என்று காட்டினார்கள். பொதுவான கோட்டுருக்களுக்கு அப்படி ஒரு வழி இன்றுவரை இல்லை. ஐங்கோணத்துக்காக லோவாஸ் 1979-இல் செய்த கருவிதான் அதற்கும் உதவியது. ஃபுல்கர்சன் 1976-இல் மறைந்தார். அவர் பெயரில் தனிநிலைக் கணிதத்துக்கு ஒரு பரிசு இருக்கிறது. அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை. நானும் திரும்பப் போன் செய்து கேட்கவில்லை.

இரண்டாவது ஊகம் லேசில் மசியவில்லை. முழுதாக முடியாததால் ஆளுக்கொரு துண்டாகக் கடித்தார்கள். அதில் ஒரு நல்ல துண்டு சென்னையில் கடிக்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் கே.ஆர். பார்த்தசாரதியும் ஜி. ரவீந்திராவும், நடுவில் ஒரு புள்ளியும் அதிலிருந்து தமக்குள் தொடர்பில்லாத மூன்று கிளையும் கொண்ட கோழிக்கால் வடிவம் எங்குமே இல்லாத கோட்டுருக்களுக்கு ஊகம் சரி என்று 1976-இல் நிரூபித்தார்கள். நிகழ்தகவில் பேர்போன பார்த்தசாரதி வேறு. முதலெழுத்துகூட ஒன்றுதான், குழப்பிக்கொள்ள வேண்டாம். கோட்டுருவியலில் இவர் எழுதிய பாடநூலை எம்.எஸ்சி. படித்த சிலர் பார்த்திருப்பீர்கள்.

முழு நிரூபணம் மே 2002-இல் அறிவிக்கப்பட்டது. மரியா சுட்னோவ்ஸ்கி, நீல் ராபர்ட்சன், பால் சீமோர், ராபின் தாமஸ் என்று நான்கு பேர். சுட்னோவ்ஸ்கி அப்போது பிரின்ஸ்டனில் ஆராய்ச்சி மாணவி. ஒற்றைப்படை வளையமும் அதன் நிரப்பியும் இல்லாத எந்தக் கோட்டுருவும் ஐந்து எளிய குடும்பங்களில் ஒன்றாக இருக்கும், இல்லையென்றால் குறிப்பிட்ட சில விதமாகப் பிளக்கும் என்று காட்டினார்கள். பிளந்து பிளந்து போனால் நிறையாகாத துண்டு மிஞ்சாது. சொல்ல மூன்று வரி. அச்சில் வந்தபோது, 2006-இல், ஏறத்தாழ 180 பக்கம். பெர்ஜ் 2002 ஜூன் 30-இல் காலமானார், அறிவிப்பு வந்த அடுத்த மாதம். நான்கு பேருக்கும் 2009-இல் ஃபுல்கர்சன் பரிசு கிடைத்தது.

எல்லாம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. நிறைக் கோட்டுருவுக்கு வண்ணம் பூசக் கணினிக்கு வழி இருக்கிறது, ஆனால் அது மேலே சொன்ன கனமான எந்திரத்தின் வழியாகத்தான். புள்ளியையும் கோட்டையும் மட்டும் பார்த்து, நான் மன்றப் பட்டியல் போட்டதுபோல் நேராகப் பூசிக்கொண்டு போகும் நியாயமான வேக வழி எல்லா நிறைக் கோட்டுருக்களுக்கும் பொதுவாக இன்னும் கிடைக்கவில்லை. ஷானனின் கேள்விக்கு ஐந்து புள்ளி வளையத்தில் விடை தெரியும். ஏழு புள்ளி வளையத்தில் இன்றும் யாருக்கும் தெரியாது.

வழக்கம்போல் வீட்டுப்பாடம். ஐங்கோண வளையத்தின் நிரப்பியை வரைந்து, வந்த உருவம் எது என்று சொல்லுங்கள். இது ஆறாம் வகுப்பு பேரப்பிள்ளைகளுக்கு. பெரியவர்களுக்கு ஏழு புள்ளி வளையத்தின் நிரப்பி: மொத்தம் 14 கோடு வரும். அதில் பெரிய கும்பல் 3 புள்ளிதான். மூன்று வண்ணம் ஏன் போதாது? வண்ணமே பூசிப் பார்க்காமல் இரண்டு வரியில் காரணம் சொல்ல வேண்டும். விடையைத் தாளில் எழுதிப் படம் எடுத்துக் கருத்தில் போடுங்கள். கையெழுத்து எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.